ஆழ்கிணற்று நீரும் அயோடின் சொட்டும்: ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்களில் வேதியியல் செய்முறை

தொலைதூரப் பழங்குடி ஊர்ப் பள்ளிகளில் வேதியியல் செய்முறை காட்டப் போகும் குழுவுக்கு, டார்வினிலோ ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலோ பெட்டி கட்டும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது பாதி கெட்டுவிடும். எதை எடுத்துப் போவது என்று யோசிப்பதற்கு முன்னால், எதை எடுத்துப் போகக் கூடாது என்று முடிவு செய்ய வேண்டும்.

ஸ்பிரிட், அசிட்டோன், கரைப்பான் கலந்த பசை, நெடி வரும் நிரந்தர மார்க்கர், ஏரோசல் டப்பா எதுவும் வேண்டாம். சாராயம் கலந்த கை கழுவும் ஜெல் கூட வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும். இந்த இரண்டு நகரங்களும் இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் பல பழங்குடி ஊர்களில் மதுவுக்குச் சட்டப்படி தடை உண்டு. அதைவிடப் பெரிய காரணம், பெட்ரோல் முகரும் பழக்கம் இந்த ஊர்களில் பல பிள்ளைகளின் உயிரையும் மூளையையும் குடித்திருக்கிறது. அதற்காகவே, போதை தரும் நறுமணச் சேர்மங்கள் (பென்சீன் போன்றவை) மிகக் குறைந்த ஓபல் பெட்ரோல் 2005-இல் கொண்டுவரப்பட்டது. முகர்ந்தால் போதை தரும் பொருள்களைப் பற்றித் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வகுப்பறை மேசையில் மறந்து வைத்த அசிட்டோன் குப்பி சிறிய கவனக்குறைவு அல்ல. நகரப் பள்ளியில் ஸ்பிரிட்டில் செய்யும் மை பிரிப்பு, பச்சையம் பிரித்தெடுப்பு ஆகியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். வடிதாளில் மை பிரிக்க, தண்ணீரில் கரையும் ஸ்கெட்ச் பேனாவும் வெறும் தண்ணீரும் போதும்.

அடுத்து, புகை கிளம்பும் ஜாலங்கள். உலர்பனியை, அதாவது உறைந்த கரியமில வாயுவை, பயணிகள் விமானத்தில் ஆளுக்கு 2.5 கிலோ வரை, நிறுவனத்தின் முன் அனுமதியோடு கொண்டு போகலாம். ஆனால் தெர்மோகோல் பெட்டியில் நாளுக்குச் சில கிலோ தானாகக் கரைந்து போகும். ஊர் போய்ச் சேரும்போது பெட்டி காலியாக இருக்கும். காரில் கொண்டுபோனால், மூடிய கண்ணாடிக்குள் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுநருக்கே ஆபத்து. திரவ நைட்ரஜனைப் பற்றிப் பேசவே வேண்டாம். இவை இல்லாததில் நமக்கு வருத்தமில்லை. வண்டியோடு வந்து வண்டியோடு போகும் வித்தையை அந்தப் பள்ளி ஆசிரியர் அடுத்த வாரம் திரும்பச் செய்ய முடியாது. நம் அளவுகோல் ஒன்றுதான்: நாம் போன பிறகு, அந்த ஊரிலேயே இருப்பவர்கள், அந்த ஊர்த் தண்ணீரில், அந்த ஊர்க் கடைப் பொருளில் இதைச் செய்ய முடியுமா?

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடக்குப் பிரதேசத்தில் 1976-ஆம் ஆண்டின் பழங்குடி நில உரிமைச் சட்டப்படி, பழங்குடி நிலத்துக்குள் நுழையவும் அதன் வழியே செல்லவும் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு தருவது, வடகோடியில் ஆர்னம் லாந்து பக்கம் என்றால் வடக்கு நில மன்றம், பாலைவனப் பக்கம் என்றால் மத்திய நில மன்றம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பிட்ஜன்ட்ஜட்ஜாரா நிலங்களுக்கு வேறு அலுவலகம், வேறு சீட்டு. பிள்ளைகளோடு வேலை செய்ய, வடக்குப் பிரதேசத்தில் 'ஓக்கர் கார்டு' என்று அழைக்கப்படும் பின்புலச் சரிபார்ப்பு அட்டை ஒவ்வொருவருக்கும் கட்டாயம். இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். சீட்டு கையில் இருப்பதும் அழைப்பு இருப்பதும் வேறு வேறு. தலைமையாசிரியர் சரி என்றாலும், ஊர்ப் பெரியவர்களுக்கும் பள்ளியில் வேலை செய்யும் உள்ளூர்ப் பழங்குடி ஆசிரியர்களுக்கும் செய்தி போயிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலம்: வடக்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மண் சாலைகள் அறுந்துவிடும், ஆற்றுத் துறைகள் மூழ்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை போவதுதான் புத்திசாலித்தனம். ஊரில் சாவு விழுந்தால் துக்கக் காலம் தொடங்கிவிடும். பள்ளியே காலியாகலாம், ஊரே மூடப்படலாம். அப்போது 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் திரும்ப வேண்டும். தேதி மாற்றக்கூடிய பயணச்சீட்டுக்கு ஆகும் கூடுதல் செலவை முதலிலேயே கணக்கில் எழுதிவிடுங்கள்.

மண் சாலையில் வண்டி மணிக்கணக்கில் அதிரும். திருகு மூடிகள் தானாகக் கழன்றுகொள்ளும். ஒவ்வொரு திரவக் குப்பியின் மூடியையும் டேப் போட்டுச் சுற்றி, நிமிர்த்தி வைத்து, ஜிப் பைக்குள் போடுங்கள். பொடிகளுக்கு இரட்டைப் பை. கண்ணாடிச் சாமான் ஒன்று கூட வேண்டாம். சிறு விமானத்தில் போனால் ஆளையும் பையையும் சேர்த்தே எடை பார்ப்பார்கள். ஆகவே தண்ணீரை விமானத்தில் கொண்டுபோக முடியாது. வேறு வழி தேட வேண்டும். அதுதான் இந்த வேலையின் உண்மையான தலைவலி.

உள்நாட்டு ஊர்களுக்குப் பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மத்திய ஆஸ்திரேலியாவில் அது கடினம், உப்பு, பல இடங்களில் காரத்தன்மை. நகரத்தில் அழகாக வந்த செய்முறை இங்கே சொதப்புவதற்கு முதல் காரணம் இதுதான். ஆல்ஜினேட் முத்துகளைப் பாருங்கள்: 100 மில்லி தண்ணீரில் 1 கிராம் சோடியம் ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் பொடி) கரைத்து, 100 மில்லிக்கு 2 கிராம் கால்சியம் லாக்டேட் கரைத்த நீரில் சொட்டினால் முத்து முத்தாக உறையும். கடின நீரில் கரைத்தால், அதிலிருக்கும் கால்சியமே ஆல்ஜினேட்டைப் பிடித்து உறைய வைக்கத் தொடங்கிவிடும். பாத்திரத்தில் கட்டி கட்டியாக மூக்குச்சளி போல ஒன்று மிஞ்சும். ஆல்ஜினேட் கரைக்க மட்டும் கனிமம் நீக்கிய நீர் அல்லது தொட்டியில் பிடித்த மழைநீர் வேண்டும். லாக்டேட் கரைக்கக் குழாய்த் தண்ணீரே போதும். இருபது பிள்ளைகளுக்கு ஆல்ஜினேட் கரைசல் அரை லிட்டர், லாக்டேட் கரைசல் ஒரு லிட்டர் போதும். ஆக, நல்ல தண்ணீர் அரை லிட்டர்தான் தேவை. அதைப் பள்ளியின் மழைநீர்த் தொட்டியிலிருந்தோ கடைப் பாட்டிலிலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம். பாட்டில் என்றால் ஊற்றுநீர் வேண்டாம், அதிலும் கால்சியம் இருக்கும். ஆல்ஜினேட் பொடியை நேராகக் கொட்டினால் திரளும். ஐந்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, மூடிய பாட்டிலில் குலுக்கி, முந்தின நாள் இரவே வைத்துவிடுங்கள். கால்சியம் குளோரைடு மலிவுதான். ஆனால் வடக்கின் ஈரக் காற்றில் பை திறந்த கொஞ்ச நேரத்திலேயே கசிந்து கூழாகும். லாக்டேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

தண்ணீரே பாடமாவதும் உண்டு. குழாய்த் தண்ணீர், மழைநீர் இரண்டையும் தனித்தனிப் பாட்டிலில் பாதி அளவு ஊற்றி, இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கினால், மழைநீரில் நுரை நிற்கும், குழாய்த் தண்ணீரில் வெண்திரி மிதக்கும். வீட்டு வெந்நீர்க் கெண்டியில் படியும் வெள்ளைக் காறை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதில் வினிகர் விட்டுக் குமிழி காட்டினால் கார்பனேட் என்ற சொல்லைப் பலகையில் எழுதவே தேவையில்லை. சோப்பு என்றால் சோப்புதான். பாத்திரம் கழுவும் திரவம் கடின நீரிலும் நுரைக்கும், சோதனை பல்லிளிக்கும்.

ஆனால் நைட்ரேட் பட்டை, உலோகச் சோதனைப் பட்டை போன்றவற்றைக் கொண்டுபோய் ஊர்க் குடிநீரைப் பிள்ளைகள் முன் சோதிக்காதீர்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே உள்ள லராம்பா ஊரில், குடிநீரில் யுரேனியம் வழிகாட்டு வரம்பைத் தாண்டியிருந்ததை மக்கள் வழக்காக எடுத்துச் சென்று போராடினார்கள். தண்ணீர் அங்கே அரசியல். ஒரு மலிவுப் பட்டையின் நிறத்தை வைத்து ஒரு வகுப்பறையைப் பயமுறுத்திவிட்டு ஊர் திரும்புவது முறையல்ல. ஊர் கேட்டால், பெரியவர்களோடும் நீர் வழங்கும் அமைப்போடும் பேசி, ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வழி செய்யலாம். அது வேறு வேலை.

எங்கள் பெட்டியில் முதலிடம் வைட்டமின் சி சோதனைக்கு. வடக்கில் காட்டு மரத்தில் காய்க்கும் ககாடு பிளம் என்ற சிறு பச்சைக் காய்க்கு, மேற்கே கிம்பர்லியில் குபிஞ்சி என்று பெயர். நம் கடுக்காயும் தான்றிக்காயும் இதே டெர்மினேலியா பேரினம்தான். துவர்ப்பைப் பார்த்தாலே உறவு தெரியும். 100 கிராம் ஆரஞ்சில் வைட்டமின் சி சுமார் 50 மில்லிகிராம். இந்தக் காயில் மரத்துக்கு மரம் மாறினாலும் 1000 முதல் 5000 மில்லிகிராம் வரை பதிவாகியிருக்கிறது. பாட்டி பறித்துத் தரும் காய் கடை ஆரஞ்சை அடித்துத் துவைக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொட்டு எண்ணிக் கண்டுபிடிக்கிறார்கள்.

வைட்டமின் சி அயோடினின் நிறத்தை அழிக்கும், அது தீர்ந்த பிறகே சோளமாவு நீலமாகும். ஆகவே சொட்டு கூடினால் வைட்டமின் கூடுதல். செய்முறை இது. மருந்துக் கடையில் கிடைக்கும் 10 சதவீத போவிடோன் அயோடின் 1 மில்லிக்கு 9 மில்லி தண்ணீர் சேர்த்து, சொட்டுக் குப்பியில் நிரப்புங்கள். அரைத் தேக்கரண்டி சோளமாவை 100 மில்லி குளிர்ந்த நீரில் கரைத்து, கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். சிறு பிளாஸ்டிக் கோப்பையில் 10 மில்லி தண்ணீர், சோளமாவுக் கஞ்சி ஐந்து சொட்டு, சோதிக்கும் சாறு 1 மில்லி. அயோடினை ஒவ்வொரு சொட்டாக விட்டுச் சுழற்ற வேண்டும். நீலக் கறுப்பு பத்து விநாடி மறையாமல் நின்றால் முடிந்தது. 500 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை 1 லிட்டரில் கரைத்து அதையே அளவுகோலாக வைத்தால், 1 மில்லிக்கு ஏறக்குறைய 14 சொட்டு வரும். ஆரஞ்சுச் சாறும் அதை ஒட்டியே வரும். ககாடு பிளம் சதையை 1 கிராம் மட்டும் நசுக்கி 100 மில்லி நீரில் கலக்கி, வடித்து, அதில் 1 மில்லி எடுங்கள். நூறு மடங்கு நீர்த்த பிறகும், காயைப் பொறுத்து மூன்று முதல் பதினான்கு சொட்டு வரை வரும். நீர்க்காமல் எடுத்தால் சொட்டு எண்ணி மாளாது.

கெடும் இடங்கள் பல. சோளமாவுக் கஞ்சி வெயிலில் ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் நீலம் வெளிறும். நாற்பது டிகிரி வெயிலில் மேசையை நிழலில் போடாவிட்டால் முடிவுப் புள்ளி குழப்பும். அரைத்த சாறு காற்றில் கிடந்தால் வைட்டமின் குறையும், கடைசிக் குழுவுக்கு முதல் குழுவைவிடக் குறைவான எண் வரும். பெரிய பொறி கடைப் பானங்களில் இருக்கிறது. பிள்ளைகள் தாங்கள் தண்ணீர் கலந்து குடிக்கும் கார்டியல் என்ற இனிப்புப் பானத்தைச் சோதிக்கக் கேட்பார்கள். சிலவற்றில் சல்பைட் சேர்த்திருப்பார்கள். அதுவும் அயோடினின் நிறத்தை அழிக்கும், வைட்டமின் இருப்பது போல் பொய் சொல்லும். லேபிளில் 220 முதல் 228 வரையிலான எண் இருந்தால் அதைத் தள்ளி வையுங்கள். பெரிய வகுப்பாக இருந்தால், அதையே புதிராகக் கொடுங்கள். சட்டையில் அயோடின் கறை பட்டால் வைட்டமின் சி மாத்திரைக் கரைசலைத் தடவினால் போய்விடும். பிள்ளைகளுக்குச் சோதனையைவிட இது பிடிக்கும்.

காயை நீங்களாகப் போய்ப் பறிக்காதீர்கள். மரம் யாருடைய நிலத்தில் இருக்கிறதோ அவர்கள் பறித்துத் தர வேண்டும், அதற்குக் கூலியும் தர வேண்டும். பருவம் தவறினால் உறைய வைத்த சதை வாங்கலாம். பெரியவர்கள் செடிகளைப் பற்றிச் சொல்லும் மருத்துவச் செய்தியைக் குறித்துக்கொண்டு போய் எங்கும் எழுதக் கூடாது. அது அவர்கள் சொத்து.

இரண்டாவது, காவி. மஞ்சள் காவியில் இருப்பது கோயதைட் என்ற இரும்புக் கனிமம். சுமார் 250 முதல் 300 டிகிரிக்குச் சூடாக்கினால் நீரை இழந்து ஹெமடைட்டாகும், அதாவது செங்காவி. நெருப்பில் மஞ்சள் சிவக்கிறது என்பது இந்த நாட்டின் ஓவியர்களுக்குப் புதிய செய்தி அல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவின் வில்கி மியா சுரங்கத்தில் ஐரோப்பியர் வருவதற்கு மிக நெடுங்காலம் முன்பே காவி வெட்டினார்கள். அதனால் இந்தப் பாடத்தில் நாம் சொல்லிக்கொடுப்பவர் அல்ல, சூத்திரம் மட்டும் கொண்டு வருபவர். உள்ளூர்க் காவியைத் தொடவே வேண்டாம்: சில இடத்துக் காவி புனிதமானது, சில ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். ஓவியக் கடையில் விற்கும் மஞ்சள் இரும்பு ஆக்சைடு நிறமிப் பொடி 100 கிராம் போதும். பெயிண்ட் வாங்கினால் அதிலுள்ள பிசின் கருகிப் புகையும்.

தகர டப்பா மூடியில் ஒரு தேக்கரண்டி பொடியை மெல்லியதாகப் பரப்பி, முகாம் அடுப்பின் சிறு தீயில் ஆணியால் கிளறிக்கொண்டே இருந்தால் சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கும். கனமாகக் கொட்டினால் அடி சிவந்து மேல் மஞ்சளாகவே நிற்கும். மூடியின் உள்பூச்சு முதலில் நெடியோடு எரியும், ஆகவே வெறும் மூடியைத் திறந்தவெளியில் முன்பே சுட்டு வையுங்கள். பொடியில் சருகோ கரியோ கலந்தால் சிவப்புக்குப் பதிலாக இருண்டுவிடும். அடுப்பை இயக்குவது பெரியவர்கள் மட்டும். ஆறின பொடியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். தீத்தடை அறிவித்த நாளில் வெளியே அடுப்பு மூட்டக் கூடாது, அன்றைக்கு இதை விட்டுவிட்டு வேறு செய்யுங்கள். இரண்டு பொடியையும் முட்டை மஞ்சள் கருவில் குழைத்துத் தாளில் பட்டை தீட்டலாம். 'உங்கள் ஓவியம் வரையுங்கள்' என்று சொல்லாதீர்கள். அங்கே ஓவிய வடிவங்கள் குலத்துக்கு உரியவை, எல்லாரும் எல்லாவற்றையும் வரைய முடியாது.

மூன்றாவதாக, அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் நிறங்காட்டி. சிவப்பு முட்டைக்கோஸ் ஊர்க் கடையில் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வடக்கில் ரொசெல்லா காடாகவே மண்டும். நம் புளிச்சைக்கீரையின் உறவு, அதன் சிவந்த புல்லிதழ்தான் வேண்டும். உலர்ந்த இதழ் பத்து, வெந்நீர் அரை லிட்டர், பத்து நிமிடம். எலுமிச்சையில் சிவப்பு, சமையல் சோடாவில் பச்சை கலந்த நீலம். சோடாவில் அந்த நிறம் நிலைக்காது, சில நிமிடத்தில் பழுப்பாகும். உடனே பார்க்கச் சொல்லுங்கள். காரமான கிணற்று நீரில் காய்ச்சினால் தொடக்கமே கலங்கிய ஊதாவாக இருக்கும். அப்போது ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டுத் தொடங்கலாம்.

ஈஸ்ட் சேர்த்துப் பொங்க வைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு நுரை வேண்டும் என்றால் 3 சதவீதமே வாங்குங்கள்; 8 சதவீதத்துக்கு மேல் போனால் விமானத்தில் அபாயப் பொருள். நிறுத்திய காருக்குள் விட்டால் சிதைந்து ஆக்ஸிஜன் சேர்ந்து குப்பி உப்பும். ஈஸ்ட்டுக்கு வெந்நீர் தேட வேண்டாம், வெயிலில் வைத்த தண்ணீர்ப் பாட்டில் போதும். ஆட்டுக் கல்லீரலில் செய்தால் நுரை அருமையாக வரும் என்பார்கள். எந்த விலங்கு யாருக்குக் குலச்சின்னம் என்று தெரியாத நாம் இறைச்சிப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

வகுப்பறைக்கு வருவோம். யுவெண்டுமுவில் பிள்ளைகள் வார்ல்பிரி பேசுவார்கள். மனிங்கிரிடாவில் ஒரே முற்றத்தில் பல மொழிகள் கேட்கும். ஆங்கிலம் பலருக்கு மூன்றாவது, நான்காவது மொழி. நடுக்காது அழற்சி உலகிலேயே மிக அதிகமாக உள்ள குழந்தைகளில் இவர்களும் சேர்த்தி. எந்த வகுப்பிலும் சிலருக்குச் சரியாகக் காது கேட்காது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். மின்விசிறி இரைச்சலுக்கு அருகில் மேசை போடாதீர்கள். விளக்கத்தை ஐந்து வாக்கியத்துக்குள் முடித்துவிட்டு, செய்து காட்டி, குப்பியைக் கையில் கொடுத்துவிடுங்கள். படிகளைப் படமாக அச்சிட்டு, லேமினேட் செய்து, ஒவ்வொரு மேசையிலும் வையுங்கள்.

ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி எழுப்பி 'நீ சொல்' என்று கேட்டால் வாய் திறக்காது. எல்லார் முன்னும் தனியாக நிற்பது அங்கே பெரிய கூச்சம். மௌனத்தைத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குழுக்களையும் நீங்கள் பிரிக்காதீர்கள். உறவுமுறைப்படி நேருக்கு நேர் பேசக் கூடாதவர்கள், அருகில் உட்காரக் கூடாதவர்கள் உண்டு. உள்ளூர் உதவி ஆசிரியர் இரண்டு நிமிடத்தில் பிரித்துத் தருவார். வருகை நாளுக்கு நாள் மாறும், எனவே நேற்றையதன் தொடர்ச்சி என்று எதையும் திட்டமிடாமல், ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தில் தானே முடியும்படி வையுங்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். படம் எடுக்கக் குடும்பத்தின் ஒப்புதல் வேண்டும். இறந்தவர் பெயரும் படமும் துக்கத்தைக் கிளறும் என்பதால், பழைய படங்களைத் திரையில் போடுமுன் பள்ளியைக் கேளுங்கள்.

இவற்றை எல்லாம்விட வேலை செய்வது, நாம் பேசாமல் இருப்பது. மக்குவாரி பல்கலைக்கழக வேதியியலாளர்களும் நியூ சவுத் வேல்ஸ் வடபகுதியின் யேகல் பெரியவர்களும் சேர்ந்து வளர்த்த பழங்குடி அறிவியல் கல்வித் திட்டத்தின் அடிப்படையே, பழங்குடி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் செய்முறையை நடத்திக் காட்டுவதுதான். தொலைதூர ஊரிலும் இது நடக்கும். முதல் நாள் மாலை, பெரிய வகுப்புப் பிள்ளைகள் நான்கைந்து பேரோடும் உதவி ஆசிரியரோடும் ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட வேண்டும். மறுநாள் சின்னவர்களுக்கு அவர்களே அவர்கள் மொழியில் சொல்வார்கள். சொட்டு எண்ணிக்கை கொஞ்சம் தப்பும், தரையில் அயோடின் சிந்தும். இருந்தாலும் நாம் நின்று பேசுவதைவிடப் பத்து மடங்கு தேவலை. அந்த மாலை நேரத்துக்கு அவர்களுக்கு ஊதியம் உண்டு என்று பட்ஜெட்டில் எழுதுங்கள்.

முடிந்ததும் கழிவு. அமிலத்தையும் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நடுநிலையாக்கலாம். அயோடின் மிச்சத்தில் வைட்டமின் சி மாத்திரையைப் போட்டால் நிறம் போய்விடும். முத்துகளை வடிகாலில் விட்டால் அடைக்கும். கழிவுத்தொட்டி அமைப்பு அங்கே எளிதில் பழுதாகும், பழுது பார்ப்பவர் வர வாரங்கள் ஆகும். வாசலில் கொட்டினால் ஊர் நாய்கள் தின்னும். எல்லாவற்றையும் பையில் கட்டி நகரத்துக்குத் திரும்ப எடுத்து வாருங்கள்.

பள்ளியில் விட்டு வர வேண்டிய பெட்டி சிறியதுதான்: சொட்டுக் குப்பி எட்டு, ஊசியில்லாத 3 மில்லி சிரிஞ்சு எட்டு, 100 மில்லி போவிடோன் அயோடின் ஒன்று, வைட்டமின் சி மாத்திரை ஒரு டப்பா, சோளமாவு, சிட்ரிக் அமிலம், சமையல் சோடா அரை அரை கிலோ, உலர்ந்த ரொசெல்லா ஒரு பை, லேமினேட் படங்கள். காவிப் பொடியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றால் மட்டும். வைட்டமின் மாத்திரையும் அயோடினும் மருந்துதான். பூட்டும் அலமாரியில் வைத்து, சாவி உள்ளூர் ஆசிரியரிடம் இருக்க வேண்டும். போவிடோன் அயோடினின் காலாவதித் தேதியைப் பெட்டி மூடியின் உட்புறம் பெரிதாக எழுதுங்கள், பக்கத்திலேயே நீர்க்கும் விகிதத்தையும்: ஒன்றுக்கு ஒன்பது.